வாசற்படியில் ஒரு கட்டில்

குழந்தைகள் மருத்துவமனையின் மூன்றாம் கூடத்தில், யாரும் பார்க்காத நேரத்தில் கட்டில்கள் வாசலை நோக்கி நகரும். வேகம் அதிகம் என்று சொல்ல முடியாது. ஓர் ஆள் வெந்நீர் பிடிக்கப் போய்த் திரும்புவதற்குள் ஒரு சாண், கீழே கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஒரு முழம், மழைக்காலத்தில் கொஞ்சம் கூடுதல். காலிக் கட்டில் நகராது. தேறி வருகிற பிள்ளையின் கட்டில் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். முடியாத பிள்ளை படுத்திருக்கும் கட்டில்தான், பக்கத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிய மறுகணமே, அவசரமில்லாத ஒரு மாட்டைப் போலக் கிளம்பும்.

முதன்முதலாக இது தெரியவந்தது ஒரு லாரி டிரைவரின் பையன் விஷயத்தில். இதயத்தில் ஓட்டையோடு பிறந்த பையன். டிரைவர் வீட்டுக்கு போன் பேச வராந்தாவின் கோடிக்குப் போயிருந்தார். பேச்சு கொஞ்சம் நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது கட்டில் வாசலைத் தாண்டி வெளியே நின்றது. விரிப்பு கசங்காமல் இருந்தது. பையன் போய்விட்டிருந்தான். டாக்டர்கள் இதயம் நின்றதுதான் காரணம் என்று எழுதினார்கள். அது பொய்யில்லை. ஆனால் கட்டில் ஏன் வெளியே நின்றது என்பதற்கு யாரும் காரணம் எழுதவில்லை.

நிர்வாகம் தன்னாலானதைச் செய்தது. பொறியாளர் ஒருவர் வந்து தரையில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை வாசலுக்கு எதிர்ப்பக்கமாகத்தான் லேசாகச் சரிந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கட்டில்களின் சக்கரங்களைக் கழற்றினார்கள். கட்டில்கள் கால்களைத் தேய்த்துக்கொண்டு போயின. கால்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். செங்கல்லையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு போயின. கேமரா மாட்டியபோது, அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கட்டில் நகர, கீழே திரையின் முன் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் அலறிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். கேமரா பார்ப்பது பார்வையில் சேராது என்று அன்றைக்கு முடிவாயிற்று. கைபேசியைப் பார்த்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பதும் சேராது. டாக்டர்கள் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நின்று எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் நடுவிலிருந்தே கட்டில் நழுவியதும் உண்டு. பெரிய டாக்டர் நல்ல மனிதர். அன்றிலிருந்து அவர் முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் எக்ஸ்ரேயைக் கையில் வாங்கினார்.

கடைசியில் கூடத்துக்கு வழி சொன்னவர் பெரிய சிஸ்டர். அவர் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போகிறவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் எப்போதும் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தையைத்தான், இனிமேல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று போகிறவர் சொல்ல வேண்டும். "பாத்துக்கிறேன்" என்று இருக்கிறவர் சொல்ல வேண்டும். தலையாட்டினால் போதாது. ரொட்டியை மென்றுகொண்டு தலையை மட்டும் ஆட்டிய ஒருவர் பொறுப்பில் விட்ட கட்டில், அவர் அடுத்த ரொட்டியைப் பிய்ப்பதற்குள் கிளம்பிவிட்டது. வாயால் சொன்னால், சொன்னவர் கண் தானாகப் போய் அந்தப் பிள்ளைமேல் உட்கார்ந்துகொள்ளும். கொட்டாவி வரலாம், கண்ணில் தண்ணீர் வரலாம், பார்வை மட்டும் விலகாது. எங்கும் எல்லோரும் நாள் முழுக்கச் சொல்கிற வார்த்தைதான். மூன்றாம் கூடத்தில் அது சொன்னபடியே நடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்த்துக்கொள்வது என்றால் பார்ப்பதுதான் என்பதை மனிதர்கள் மறந்துவிடுவார்கள் என்றே கடவுள் இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார் போலும்.

அதனால் அந்தக் கூடம் மற்றக் கூடங்களைப் போல இருக்கவில்லை. யார் பிள்ளைக்கு எந்தக் கையில் ஊசி ஏறாது, யார் பிள்ளை மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைக்கும், எது பொய்யழுகை, எது வலி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒருத்தி குளிக்கப் போனால் மற்றவள் பார்த்தாள். அவள் துணி உலர்த்தப் போனால் இவள் பார்த்தாள். சண்டைக்கும் குறைவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் ஒரு அம்மா இருந்தாள். இரட்டைப் பிள்ளைகளில் ஒன்று கட்டிலிலும் மற்றது இடுப்பிலுமாக இருந்ததால் ரெட்டையம்மா என்று பெயர். அவள் வாய்க்குப் பயந்து துப்புரவுக்காரர்கள்கூட அந்தப் பக்கத்தை இரண்டு தடவை துடைத்தார்கள். ஆனால் அவள் "பாத்துக்கிறேன்" என்று சொன்னால் ஒருவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

நடுவரிசையில், பிரம்பு நாற்காலி பின்னுகிற ஒருவர் எலும்பு வியாதிக்காரப் பையனோடு மாதக்கணக்கில் இருந்தார். நாற்காலிக்காரர் என்று கூப்பிடுவார்கள். அவருக்குப் பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது. அவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மணி நேரமும் யாரிடமாவது "பாத்துக்கோங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டே இருப்பது ஒரு மனிதனை எப்படிக் கூனவைக்கும் என்பது வாங்கியவனுக்குத்தான் தெரியும். கூடத்திலிருந்த உடைந்த நாற்காலிகளையெல்லாம் அவர் கேட்காமலே பின்னிக்கொடுத்தார். எல்லாம் பின்னி முடிந்த பிறகு, நன்றாக இருந்த ஒன்றைப் பிரித்து மறுபடி பின்னினார்.

இப்படியிருந்த கூடத்துக்குத்தான் திரைக்காரி வந்து சேர்ந்தாள்.

அவள் ஒரு தங்கும் விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை பார்த்தவள். புருஷன் எங்கோ தூரத்தில் கப்பல் துறையில் கூலி வேலை செய்தான். வர முடியவில்லை. நான்கு வயதுப் பெண் குழந்தைக்குச் சிறுநீரகத்தில் கோளாறு. காலையில் எழுந்தால் கண் திறக்க முடியாதபடி முகம் வீங்கியிருக்கும். சாயங்காலம் வீக்கம் காலுக்கு இறங்கும். உப்பில்லாத சாப்பாடு. தண்ணீர்கூட அளந்துதான். வந்த அன்றே அந்த அம்மா கட்டிலின் நான்கு மூலைகளிலும் கம்பு கட்டி, விடுதியில் கழித்துப்போட்ட விரிப்புகளைச் சுற்றிலும் தொங்கவிட்டாள். மேலேயும் ஒரு விரிப்பு. உள்ளே அவளும் குழந்தையும்.

பெரிய சிஸ்டர் விவரத்தை எடுத்துச் சொன்னார். கட்டில் நகரும், ஓர் ஆள் எப்போதும் பார்த்திருக்க முடியாது, நாங்களெல்லாம் இருக்கிறோம் என்றார். அவள் திரைக்கு வெளியே தலையை நீட்டி, "நான் பாத்துக்கிறேன் சிஸ்டர். வேற யாரும் பாக்க வேணாம். கண்ணு பட்டுடும்" என்றாள்.

கூடத்தில் இருந்தவர்கள் கைவேலையை அப்படியே நிறுத்தினார்கள். அடி விழுந்த இடம் அப்படி. அந்தக் கூடத்தில் ஒருவருக்கொருவர் கொடுக்க வைத்திருந்ததே பார்வை ஒன்றுதான்.

"உன் பொண்ணு என்ன சினிமா நடிகையா, நாங்க கண்ணு வைக்க?" என்றாள் ரெட்டையம்மா.

"நீங்க கெட்டவங்கன்னு சொல்லல அக்கா."

"அப்புறம் என்ன சொல்ற? எங்க கண்ணுல என்ன, விஷமா இருக்கு?"

"பாக்காதீங்கன்னுதான் சொல்றேன். கையெடுத்துக் கும்புடுறேன். யாரும் எங்க பக்கம் பாக்க மாட்டோம்னு சொல்லுங்க."

"சரிம்மா. பாக்க மாட்டோம். எல்லாரும் கேட்டுக்கோங்க, அந்தப் பக்கம் யாரும் பாக்காதீங்க. மகாராணி வந்திருக்காங்க."

ஒவ்வொருவராக "பாக்க மாட்டோம்" என்றார்கள். கோபத்தில் சிலர், மரியாதைக்காகச் சிலர், தொல்லை விட்டது என்று சிலர். அங்கே ஒரு தவறு நடந்தது. அந்தக் கூடத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. வாய்விட்டுச் சொன்ன வார்த்தை அங்கே எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தவர்கள், பார்க்க மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் நினைத்தாலும் அந்தப் பக்கம் கழுத்து திரும்பவில்லை.

நாட்கள் போயின. திரைக்காரி உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டைத் தட்டோடு உள்ளே வாங்கிக்கொண்டாள். கழிவறைக்குப் போகும்போது குழந்தையைத் தோளில் போட்டுத் துணியால் மூடிக்கொண்டு போனாள். அவள் நடந்து வரும்போது வழியில் எல்லோருடைய முகமும் வயலில் காற்றடித்தாற்போல் ஒரே பக்கமாகத் திரும்பும். ஊசி போட வருகிற சிஸ்டர்களிடம், "ஊசி குத்துற எடத்த மட்டும் பாருங்க" என்று கெஞ்சினாள். கண் சொருகும்போதெல்லாம் கட்டில் அசையும். அவள் விரிப்பைக் கிழித்து ஒரு முனையைக் கட்டில் கம்பியிலும் மறுமுனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். கட்டில் இழுக்க, அவள் விழித்து, பார்த்து நிறுத்துவாள். மணிக்கட்டில் தோல் உரிந்தது. கட்டில் முதலில் போட்ட இடத்திலிருந்து வாசலுக்குப் பாதித் தூரம் போய்விட்டிருந்தது. தள்ளி வைக்கலாமென்றால், ஒரு தடவை முன்னே போன கட்டிலைப் பின்னே தள்ளுவது சுவரைத் தள்ளுவது மாதிரி.

இதற்குள் கூடத்தில் வேறொரு சங்கடம் முளைத்தது. திரைக்காரி சொன்ன சொல் ஒவ்வொருவர் மனதிலும் முள்ளாகத் தங்கிவிட்டது. நம் கண் நல்ல கண்தானா? போன வாரம் எதிர்க்கட்டில் பிள்ளையைப் பார்த்து "இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கே" என்று சொன்னோமே, அன்று மாலைதானே அதற்குக் காய்ச்சல் வந்தது? யாரும் இதை வெளியில் சொல்லவில்லை. ஆனால் "பாத்துக்கோங்க" என்று கேட்கும்போது கேட்பவர் குரல் ஒரு நொடி தயங்கியது. "பாத்துக்கிறேன்" என்று சொல்பவர் குரலும் தயங்கியது. தயக்கத்தோடு பார்த்த பார்வைக்குப் பிடிமானம் இல்லை. மூன்றாம் கூடம் முழுவதும் கட்டில்கள் நகர ஆரம்பித்தன. கொஞ்சம் கொஞ்சமாகத்தான். காலையில் தரை துடைப்பவர்கள், நேற்றுத் துடைத்த இடத்தில் இன்று கட்டில் நிற்பதாகச் சொன்னார்கள். மூச்சுத்திணறலோடு வந்த ஒரு கைக்குழந்தையின் கட்டில் அந்த வாரத்தில் வாசலைத் தாண்டியது. பெற்றவளும் அத்தைக்காரியும் இரண்டு பக்கமும் நின்று பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். பார்த்தும் போகிற கட்டில் எப்போதும் உண்டு. அதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் இந்தத் தடவை இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

கூடத்தில் சிரிப்பு நின்றுபோனது. ரெட்டையம்மாகூட மெதுவாகப் பேசினாள்.

தரை கழுவுகிற ஒரு பிற்பகலில், வாளிகளும் துடைப்பங்களும் வழியை அடைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்த கூடத்தில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று பெரிய சிஸ்டரும் மற்றவர்களும் ஓடினார்கள். அந்த நேரத்தில் திரைக்காரி தூங்கிவிட்டாள். முக்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்து, அப்படியே தரையில் விழுந்து, விழுந்ததுகூடத் தெரியாமல் தூங்கினாள். மணிக்கட்டில் கட்டியிருந்த துணி இற்றுப்போயிருந்தது. சத்தமில்லாமல் அறுந்தது.

கட்டில் கிளம்பியது. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததற்கெல்லாம் சேர்த்து, நடக்கிற வேகத்தில் கிளம்பியது. நான்கு கம்புகளும் வெள்ளைத் திரைகளும் ஆட, ஈரத் தரையில் கால்கள் கிறீச்சிட, கூடத்தின் நடுவழியே ஒரு பல்லக்கு போலப் போயிற்று. இரண்டு பக்கமும் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் சுவரைப் பார்த்தார். ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரெட்டையம்மா இடுப்புப் பிள்ளையின் தலையைத் தன் மார்போடு அழுத்திக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். எல்லோருக்கும் தெரிந்தது. சொன்ன வார்த்தை கழுத்தைப் பிடித்திருந்தது. அதற்கும் மேலே, ஒருவேளை நம் கண் பட்டுத்தான் இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற பயம் இமையைப் பிடித்திருந்தது.

நாற்காலிக்காரர் காதைத் திருப்பினார்.

"யாரோட கட்டில் அது?"

கட்டில் கிறீச்சிட்டுக்கொண்டே அவரைத் தாண்டிப் போயிற்று.

"கேக்குறேன்ல? எல்லாரும் ஊமையாயிட்டீங்களா?"

"திரைக்காரி கட்டில்ணா" என்றாள் ரெட்டையம்மா, கண்ணைத் திறக்காமல். "பாக்க மாட்டோம்னு வாக்கு குடுத்துட்டோம்."

"நீங்க குடுத்தீங்க. எங்கிட்ட யாரு கேட்டா?"

உண்மைதான். அன்றைக்கு எல்லோரும் ஒவ்வொருவராகச் சொன்னபோது, கண் தெரியாத மனிதனிடம் பார்க்க மாட்டேன் என்று சொல்லச் சொல்வது அசிங்கம் என்று அவரை விட்டுவிட்டார்கள்.

அவர் எழுந்தார். பையன் பக்கம் கைகாட்டி, பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம், "அக்கா, இவனைப் பாத்துக்கோங்க" என்றார். "பாத்துக்கிறேன்" என்று குரல் வந்ததும் நடந்தார். வாளியில் மோதினார். வழுக்கி விழுந்தார். எழுந்திருக்க நேரமில்லை என்று தோன்றியதால் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்ந்தே போனார். சத்தம் போகிற திசையில் கையை நீட்டி, திரைக்கு அடியில் விட்டுத் துழாவினார். சிறிதாக, உப்பலாக, சில்லென்று ஒரு கால் கையில் அகப்பட்டது.

"பாத்துக்கிறேன்" என்றார் அவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னதால் குரல் கொஞ்சம் பிசிறியது. "தொட்டுப் பாத்துக்கிறேன். அதுவும் பாக்கறதுதான்."

கட்டில் நின்றது. முன்கால்கள் இரண்டும் வாசற்படியைத் தாண்டியிருந்தன. பின்கால்கள் இரண்டும் உள்ளே இருந்தன.

"நீங்க யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"நாற்காலி பின்றவன்."

"என்ன பண்றீங்க?"

"உன் விரலை எண்ணிப் பாக்குறேன். ஒண்ணும் காணாமப் போகல. அந்தக் காலையும் குடு, அதுல எப்படியிருக்குன்னு பாப்போம்."

குழந்தை மற்றக் காலையும் நீட்டியது. "ஒண்ணுதான் கூசுது" என்று சொல்லிச் சிரித்தது. திரைக்குள்ளிருந்து சிரிப்பு வருவதைக் கூடம் அப்போதுதான் முதலில் கேட்டது.

அந்தச் சத்தத்தில்தான் திரைக்காரி விழித்தாள். வெறும் தரையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். ஓடிவந்து நாற்காலிக்காரரின் சட்டையைப் பிடித்தாள். "யாரு திரையைத் தூக்கினது? யாரு பாத்தது?"

"யாரும் பாக்கலம்மா. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாங்க. நல்ல ஜனங்க. இன்னும் ஒரு முழம் போயிருந்தாலும் பாத்திருக்க மாட்டாங்க."

"நீங்க?"

"எனக்கு ஏதும்மா கண்ணு, படறதுக்கு?"

அவள் சட்டையை விட்டாள். வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். யாரும் கேட்காமலே சொன்னாள். இந்தக் குழந்தைக்கு முன்னால் அவளுக்கு ஒரு பையன் இருந்தான். அழகன். தெருமுனை போட்டோ ஸ்டுடியோக்காரர் அவனைப் படம் பிடித்துப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் வைத்தார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்களெல்லாம் பார்த்தார்கள். யார் பிள்ளை, யார் பிள்ளை என்று கேட்டார்கள். அவளும் பெருமையாக நின்று சொன்னாள். அந்த மாதமே காய்ச்சல். படம் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டிருக்க, பையன் போய்விட்டான். "ஊரே பாத்துச்சு" என்றாள். "ஊரே பாத்துச்சுண்ணா."

நாற்காலிக்காரர் குழந்தையின் காலை விடாமல் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "படத்தைப் பாத்தாங்க" என்றார். "காய்ச்சல் வந்தப்போ பையனை யாரும்மா பாத்தாங்க?"

ஒற்றை ஆளாக ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்த அந்த நாட்கள் அவள் முகத்தில் வந்து போயின.

அப்போது பெரிய சிஸ்டர் வந்தார். கட்டில் நின்ற நிலையைப் பார்த்து ஒரு கணம் மார்பில் கைவைத்தார். பிறகு குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் ஏறியிருந்தது, மூச்சு சிறிதாக இருந்தது. கையில் டிரிப்ஸ் ஏற்றிவிட்டார். ஆனால் உடனே ஏற்ற வேண்டிய மருந்து எதிர்க்கட்டடத்தில் இருந்தது. பெற்றவர் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால்தான் கொடுப்பார்கள். அது நிர்வாகத்தின் விதி. கட்டில்கள் நகர்ந்ததற்காக அது மாறவில்லை. "ஓடிப் போயிட்டு வாம்மா" என்றார்.

திரைக்காரி எழுந்தாள், நின்றாள்.

"என்னை நம்பிப் போகாதேம்மா" என்றார் நாற்காலிக்காரர். "கை மரத்துப்போச்சு. பிடிச்சிருக்கேனா இல்லையான்னு எனக்கே தெரியல. நான் ஒத்தை ஆள்."

சொல்லி முடிப்பதற்குள் கட்டிலின் பின்கால்கள் லேசாக முனகின.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாமா என்று அவள் கண் கேட்டது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையைச் சிஸ்டர் காட்டினார். கூடம் முழுவதும் முகம் திருப்பியபடியே காத்திருந்தது. திரைக்காரி விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள். பிறகு ஒரே இழுப்பில், கம்புகளோடு சேர்த்து, எல்லாத் திரைகளையும் பிய்த்துக் கீழே போட்டாள். வீங்கிய முகத்தோடு ஒரு சின்னப் பெண் வெளிச்சத்தில் கண் கூசப் படுத்திருந்தாள். அழகென்று சொல்ல அந்த முகத்தில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

அவள் நேரே ஜன்னலோரத்துக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றவளின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா. பாப்பாவைப் பாத்துக்கோங்க."

ரெட்டையம்மா திரும்பவில்லை. அவள் தோள் குலுங்கியது. "என் கண்ணு நல்ல கண்ணான்னு எனக்கே தெரியலையேம்மா. நீ சொன்னதுலேருந்து என் பிள்ளையையே நான் பயந்து பயந்துதான் பாக்குறேன்."

"எனக்கும் தெரியாதுக்கா" என்றாள் திரைக்காரி. "இருக்கிற கண்ணால பாருங்க."

ரெட்டையம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "பாத்துக்கிறேன், போ. நின்னு பேசாத. வாயாடி" என்றாள். அவளைத் தொடர்ந்து டிரிப்ஸ் பாட்டில்களுக்கும் வாளிகளுக்கும் நடுவிலிருந்து, கட்டில் கட்டிலாக, "நானும் பாத்துக்கிறேன்", "பாத்துக்கிறேம்மா", "நீ போயிட்டு வா" என்று குரல்கள் வந்தன. மாதக்கணக்கில் படுக்கையிலிருந்து தலை தூக்காத நாற்காலிக்காரரின் பையன்கூடச் சொன்னான். திரைக்காரி படியிறங்கி ஓடினாள். கையெழுத்துப் போட்டாள். மருந்தோடு திரும்பி ஓடிவந்தாள். கட்டில் ஒரு நூல் இழைகூட அசைந்திருக்கவில்லை.

மருந்து ஏறியது. அன்று அவள் தூங்கினாள், மறுநாள் மத்தியானம் வரை. பார்த்த கண்கள் மாறி மாறிப் பார்த்தன.

கட்டில் அதற்குப் பிறகு வெளியேயும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. பெரிய டாக்டரும் வாட்ச்மேனும் கேன்டீன் ஆட்களும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். வேறு கட்டிலுக்கு மாற்றலாம் என்று குழந்தையைத் தூக்கினால் மூச்சு திணறியது. திரும்பக் கிடத்தினால் சரியானது. ஆகவே அங்கேயே விட்டார்கள். தச்சர் வந்து கதவைக் கழற்றி, நிலையை அகலப்படுத்திக் கொடுத்தார். சாப்பாட்டு வண்டி ஒருபக்கமாக உரசிக்கொண்டு போகப் பழகியது. கூடத்துக்குள் வருகிற ஒவ்வொருவரும், வெளியே போகிற ஒவ்வொருவரும் அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. டாக்டர்கள், பால்காரர், அடுத்த கூடத்துக்கு வழி தெரியாமல் வந்தவர்கள், யாரையோ பார்க்க வந்து அழுதுகொண்டு திரும்புகிறவர்கள். இடித்துக்கொள்ளாமல் போக வேண்டுமானால் பார்த்துத்தான் போக வேண்டும். பார்த்தார்கள். யார் கண்ணிலும் படாமல் வைத்திருக்க அவள் பாடுபட்ட குழந்தை, அந்த மருத்துவமனையிலேயே அதிகமான கண்கள் பட்ட இடத்தில் படுத்திருந்தது. முதலில் கால் வீக்கம் வற்றியது. பிறகு முகம். நடுவில் இரண்டு தடவை காய்ச்சல் வந்து எல்லோரையும் பயமுறுத்திவிட்டுப் போனது. திரைக்காரி அப்போதெல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் முகத்தைப் பார்ப்பாள். பழைய பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயந்துகொண்டே "பாத்துக்கோங்க" என்றாள். கிழித்த விரிப்புகளைத் துவைத்து, கைக்குழந்தைகளுக்கு அடியில் போடும் துணியாகக் கத்தரித்துக் கொடுத்துவிட்டாள். பெயர் மட்டும் திரைக்காரி என்றே நின்றுவிட்டது.

மூன்றாம் கூடத்தில் அந்த வருடமும் கட்டில்கள் வாசலைத் தாண்டின. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டின. அப்படிப்பட்ட கட்டில் கிளம்பினால், அதை நிறுத்தப் போராடுவதை விட்டுவிட்டு எல்லோரும் எழுந்து கூடவே நடக்கக் கற்றுக்கொண்டார்கள். கூட நடந்தால் கட்டில் மிக மெதுவாகப் போனது. காலையில் கிளம்பியது வாசலுக்கு வர விளக்கு வைக்கும் நேரமாகும். பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்ல அது போதாது. ஆனாலும் அவ்வளவு நேரமாவது கிடைத்தது. நாற்காலிக்காரர் பையனைக் கைத்தடியோடு வீட்டுக்கு அழைத்துப் போன பிறகும் வாரம் தவறாமல் வந்தார். கூச்சமாக இருக்கிறது, யாரும் பார்க்க வேண்டாம் என்று அழுகிற பிள்ளைகளை அவரிடம் விடுவது கூடத்தின் வழக்கமாயிற்று.

சிறுநீரகம் ஒழுங்குக்கு வந்து, மருந்துகளின் பட்டியல் குறைந்து, திரைக்காரியின் மகள் ஒரு காலையில் தன் காலால் நடந்தே அந்த வாசல் வழியாக வெளியே போனாள். ஒரேயடியாகப் போகிறவர்களுக்கும் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் அங்கே வாசல் ஒன்றுதான்.

வீடு ஒரு குறுகலான தெருவில், ஒற்றை அறை. மறுநாளே திரைக்காரி விடுதி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. பிள்ளை முழுக்கத் தேறவில்லை. கட்டில்கள் மூன்றாம் கூடத்தில் மட்டும்தான் நகரும் என்று யாரும் அவளுக்கு உறுதி சொல்லவில்லை. அவள் ஜன்னல் பலகைகளைக் கழற்றினாள். கதவை விரியத் திறந்து கல் வைத்தாள். பிறகு அறையின் மூலையில் கிடந்த கட்டிலை, தரை கீறக் கீற, தானே இழுத்துவந்து வாசற்படியின்மேல் போட்டாள். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் தெருவில். அதில் மகளை உட்காரவைத்துத் தலைவாரினாள். தெருவில் போய்க்கொண்டிருந்த முதல் ஆள் யாரென்றுகூட அவளுக்குத் தெரியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர்.

"அண்ணா, வேலைக்குப் போறேன். கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாள்.

அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் இந்த மாதிரி கேட்டால் வேறென்ன சொல்வது என்பதால், "பாத்துக்கிறேம்மா" என்றார். சொன்ன பிறகு அவரால் அந்த இடத்தைவிட்டுப் போக முடியவில்லை. அடுத்து வந்த மீன் கூடைக்காரம்மாவிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். அந்தம்மா எதிர்க்கடைக்காரரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடம் சொன்னார். சாயங்காலம் திரைக்காரி திரும்பி வந்தபோது கட்டில் போட்ட இடத்திலேயே இருந்தது. மகள் அதன்மேல் உட்கார்ந்து, போகிறவர்களுக்கெல்லாம் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தத் தெருவில் வண்டிகள் அந்த இடத்தில் கொஞ்சம் ஒதுங்கிப் போகின்றன. யாரும் காரணம் கேட்பதில்லை.